வீரர்க்கு வழக்குரைத்த பூலாபாய் தேசாய்

உலகில் மாந்தர்க்கு நேரும் தருமசங்கடங்கள் பல. அவற்றுள் ஒன்று, தலைவன் செல்லும் வழி தகாதது என்று தன் உள்ளம் தெளிந்த பின்னர், அத்தலைவன் பின்னே சென்ற வீரரை யாது செய்வது என்பதாம். தலைவனை ஒவ்வாமையால் அவன் வீரரையும் கைவிடுவோர் ஒரு சாரார். வீரர்பால் கொண்ட இரக்கத்தால், தலைவன் செய்தன யாவும் சரியே எனச் சாதிப்போர் மற்றொரு சாரார். இவை இரண்டும் எளிய வழிகள். இவற்றிற்கு நடுவே அரியதொரு வழி உண்டு. அவ்வழியில் நடந்து காட்டிய பெரியார் ஒருவரின் சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

இராமகாதை பயின்ற நம்மவர் கும்பகருணனை அறிவர். அவன் தமையன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே இடித்துரைத்தான். ஆயினும் உண்ட சோற்றுக்காகப் போர்க்களம் புகுந்து மாண்டான். வீடணனையும் அறிவர். அவன் தவறு கண்டவுடன் தமையனை நீங்கி அப்பால் சென்றான். இவ்விருவருள் எவன் சிறந்தவன் என்று பட்டிமண்டபம் நடத்தாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் போர் முடிந்த பின்னர் இலங்கையின் சாமானிய வீரர்க்காகப் பரிந்து பேசியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. நம் சரித்திரம் அத்தகைய ஒருவரைப் பற்றியது.

இதனை எழுதத் தூண்டியது ஒரு மாணாக்கனின் வினா. காரைக்காலில் யான் தமிழ் பயிற்றும் வகுப்பில் ஒரு நாள் அவன் எழுந்து, தன் வீட்டுக் கூடத்துச் சுவரில் இரண்டு படங்கள் மாட்டப்பட்டிருப்பதாகவும், ஒருவர் மலாய் நாட்டில் நேதாஜியின் படையில் சேர்ந்த கொள்ளுப்பாட்டனார் என்றும், மற்றவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த அவருடைய தம்பியார் என்றும் கூறினான். அவ்விருவருள் யாரை வணங்குவது, யாரை விடுவது என்பது அவன் ஐயம். யான் அன்று விடை கூறவில்லை. இப்போது கூற முயல்கின்றேன்.

பூலாபாய் ஜீவன்ஜி தேசாய் 1877ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள், கூர்ஜர தேசத்தில் வல்சாட்டை அடுத்த சிக்லி என்னும் ஊரில் தோன்றினார். இளமைக் கல்வியைத் தாய்மாமனிடமும், பின்னர் வல்சாட்டிலும் பம்பாயிலும் பயின்று, 1895இல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தம் பள்ளியில் முதல்வராகத் தேறினார். பள்ளியில் படிக்கும் போதே இச்சாபென் என்னும் நங்கையை மணந்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கலாசாலையில் ஆங்கில இலக்கியமும் சரித்திரமும் பயின்று, எம்.ஏ. பட்டம் பெற்று, ஆமதாபாத்துக் குஜராத் கலாசாலையில் ஆசிரியராக அமர்ந்தார். நம்மைப் போன்ற உபாத்தியாயர்க்கு இச்செய்தி உவகை தருவதாம். வகுப்பில் பாடம் சொல்லிக்கொண்டே சட்டமும் படித்து, 1905இல் பம்பாய் ஹைகோர்ட்டில் அட்வகேட்டாகப் பதிவு பெற்றார். பொருளும் புகழும் ஒருங்கே வந்தன. 1923இல் அவர்தம் மனைவியார் புற்றுநோயால் காலஞ்சென்றார். பிள்ளை ஒருவரே.

அரசியலில் அவர் முதலில் தீவிரவாதியல்லர். அன்னி பெசண்ட் அம்மையாரின் சுயஆட்சி இயக்கத்திலும், பின்னர் மிதவாதிகளின் லிபரல் கட்சியிலும் இருந்தார். 1928இல் சைமன் கமிஷனைப் பகிஷ்கரிக்கும் பிரச்சினையில் அக்கட்சியினின்றும் விலகினார். அவ்வாண்டிலேதான் பார்டோலி உழவர் நிலவரி உயர்வை எதிர்த்து, வல்லபாய் படேலின் தலைமையில் வரிகொடா அறப்போர் நடத்தினர். சர்க்கார் நூற்றுக்கு 22 வீதம் உயர்த்தியிருந்த அவ்வரியைக் குறித்து விசாரிக்க ஒரு கமிட்டி அமைந்தது. அக்கமிட்டியின் முன் உழவர் சார்பாக வாதாட வந்தவர் பூலாபாய். முடிவில் உயர்வு ஏறத்தாழ 6 வீதமாகக் குறைந்தது.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் அவர் காங்கிரஸ்வாதியல்லர். காந்தியடிகளின் நெறியை மேற்கொண்டவருமல்லர். ஆயினும், உழவரை நடத்திச் செல்லும் தலைவரின் வழி வேறு, அவ்வுழவர்க்கு நேர்ந்த துயர் வேறு என்று பகுத்துப் பார்க்கும் கண் அவர்க்கு இருந்தது. பிற்காலத்தில் அவர் செய்த பெருஞ்செயலுக்கு வித்து இங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

1930இல் காங்கிரஸில் சேர்ந்தார். சுதேசி சபை ஒன்றை நிறுவி, 80 நெசவு ஆலைகளை அதில் சேரச் செய்தார். சர்க்கார் அச்சபையைச் சட்ட விரோதமானதென்று அறிவித்து, 1932இல் அவரைச் சிறைப்படுத்தியது. உடல் நலிவால் விடுதலையாகி, ஐரோப்பா சென்று சிகிச்சை பெற்றார். 1934இல் மத்திய சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டு, அங்கே காங்கிரஸ் கட்சியின் தலைவராக விளங்கினார். 1940 டிசம்பரில் தனிநபர் சத்தியாக்கிரகம் செய்து எரவாடா சிறை புகுந்து, மறு ஆண்டு செப்டம்பரில் மீண்டும் நோயாளராகவே வெளிவந்தார். சிறை அவர் உடலைத் தின்றது என்பது மிகையன்று.

இனி நம் சரித்திரத்தின் முடிச்சுக்கு வருவோம். 1939ஆம் ஆண்டின் தொடக்கத்தில், திரிபுரி காங்கிரஸுக்குச் சுபாஷ் சந்திர போஸ் இரண்டாம் முறை அக்கிராசனராகப் போட்டியிட்டார். அவர் விலகிக்கொள்ள வேண்டும் என்று காரியக் கமிட்டி அங்கத்தினர் சிலர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதில் கையெழுத்திட்டவருள் பூலாபாய் ஒருவர். போஸ் வெற்றி பெற்றார். பிப்ரவரி மாதம் காரியக் கமிட்டியினர் பலர் ஒருசேர இராஜிநாமாச் செய்தபோது, அவருள்ளும் பூலாபாய் ஒருவர். இரண்டு மாதங்களுக்குச் சற்று மேலான காலத்துள் போஸ் தலைமைப் பதவியைத் துறக்க நேர்ந்தது. ஆகவே பூலாபாய் போஸின் வழியை மறைவில் முணுமுணுத்தவரல்லர். ஊரறியக் கையெழுத்திட்டு எதிர்த்தவர்.

பின்னர் நிகழ்ந்தவை நம் பாட்டனார் காலத்துக் கதை. 1941 ஜனவரியில் போஸ் கல்கத்தாவிலிருந்து மறைந்து ஜெர்மனி சேர்ந்தார். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்தனர். இரண்டு நாள் கழித்து, பாரர் பார்க் மைதானத்தில் ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள், ஓர் ஆங்கிலேய அதிகாரியால் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களுள் பலர் சேர்ந்து இந்திய தேசிய ராணுவம் தோன்றியது. 1943 ஜூலையில் போஸ் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்றார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் சுதந்திர இந்தியாவின் தற்காலிக சர்க்காரை நிறுவினார்.

அப்படையில் சேர்ந்த தமிழரை நாம் மறத்தல் ஆகாது. மலாய் நாட்டு இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், சிறு கடை வைத்தவர் எனப் படைப்பயிற்சி அறியாத தமிழ் மக்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். காவிரிக் கரையிலிருந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். ஜான்சி ராணி படைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் லட்சுமி ஒரு தமிழ்ப் பெண்மணி. காரைக்காலுக்கும் இக்கதை அயலன்று. பினாங்கிலிருந்தும் சைகோனிலிருந்தும் காகிதம் வராத தெரு அக்காலத்தில் நம் ஊரில் ஏது?

அப்படை 1944இல் இம்பால் எல்லையில் ஜப்பானியரோடு சேர்ந்து போரிட்டுப் பேரிழப்புற்றது. பசியாலும் நோயாலும் மாண்டவர் எண்ணற்றோர். அவர்களை எதிர்த்து நின்ற படையிலும் இந்தியர் பல்லாயிரவர் இருந்தனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. அம்மாதம் 18ஆம் நாள் தைபேயில் நேர்ந்த விமான விபத்தில் போஸ் உயிர் நீத்தார் என்ற செய்தி வந்தது. தலைவர் மறைந்தார், வீரர் சிறைப்பட்டனர்.

அவ்வேளையில் பூலாபாயின் நிலை யாது? 1945 ஜனவரியில் அவர், முஸ்லிம் லீகின் லியாகத் அலிகானோடு, மத்தியில் இடைக்கால சர்க்கார் அமைப்பது குறித்து ஓர் உடன்பாடு செய்திருந்தார். லியாகத் அலிகான் அதனை மறுத்தொழிந்தார். சிறையிலிருந்து வெளிவந்த காங்கிரஸ் தலைவர்களும் அதனை விரும்பவில்லை. பத்தாண்டு சட்டசபையில் கட்சியை நடத்திய அவர்க்கு அடுத்த தேர்தலில் இடம் தரப்படவில்லை. உடல் நலிந்து, கட்சியில் செல்வாக்கும் குன்றி, வயது 68 ஆன ஒருவர் வீட்டில் ஓய்ந்திருப்பதே இயல்பு. ஆனால் தேசிய ராணுவ வீரர்க்காகக் காங்கிரஸ் ஒரு பாதுகாப்புக் கமிட்டி அமைத்தபோது, வழக்கின் பெரும்பாரத்தைத் தோளில் ஏற்றவர் அவரே.

1945 நவம்பர் 5ஆம் நாள் டில்லிச் செங்கோட்டையில் இராணுவ நீதிமன்றம் கூடியது. ஷாநவாஸ்கான், பிரேம்குமார் சஹகல், குருபக்ஷ் சிங் தில்லான் என்னும் மூவர் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தல், கொலை, கொலைக்கு உடந்தை என்பன குற்றச்சாட்டுக்கள். சர் தேஜ் பகதூர் சாப்ரு, கைலாஸ்நாத் கட்ஜு, ஆஸப் அலி முதலிய பெருவக்கீல்கள் எதிரிகள் தரப்பில் அமர்ந்தனர். ஜவாஹர்லால் நேருவும் பல்லாண்டுகளுக்கு முன் களைந்த வக்கீல் அங்கியை மீண்டும் அணிந்து வந்தார். 1942இல் போஸ் ஜப்பானியரோடு வருவாராயின் அவரை எதிர்த்துப் போரிடுவேன் என்று வெளிப்படையாகக் கூறியவர் இந்நேரு என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. முதியவரான சாப்ரு உடல் நலக் குறைவால் விலகினார். வாதம் பூலாபாயின் பொறுப்பாயிற்று.

அவர் எடுத்த வாதத்தைச் சுருங்கக் கூறுவோம். இம்மூவர் தம் சொந்த நலனுக்காகக் கலகம் செய்தவரல்லர். முறைப்படி அமைந்த ஒரு சர்க்கார் முறைப்படி போர் அறிவித்தது. அச்சர்க்காருக்கு அமைச்சரும் படையும் படைச்சட்டமும் நிதியும் இருந்தன. ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி முதலாக 9 நாடுகள் அதனை அங்கீகரித்தன. அடிமைப்பட்ட மக்கள் தம் விடுதலைக்காகப் போர் தொடுக்கும் உரிமையைச் சர்வதேசச் சட்டம் ஏற்கும். அப்போரில் செய்தவற்றுக்குத் தனி வீரரை உள்நாட்டுச் சட்டத்தால் தண்டித்தல் முறையன்று. மேலும், பாரர் பார்க்கில் இந்தியச் சிப்பாய்களை அரசே பகைவரிடம் ஒப்படைத்த பின்னர், எந்த அரசுக்கு அவர் விசுவாசம் காட்டுவது? மன்னரும் நாடும் ஒன்றாக இருக்கும் வரையில் விசுவாசத்தில் சிக்கல் இல்லை. மன்னர் ஒரு பக்கமும் நாடு ஒரு பக்கமும் நின்றால் மனிதன் எதைத் தெரிந்துகொள்வது? அமெரிக்கர் 1776இல் இதே வினாவுக்கு விடை கண்டனர் என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார்.

தற்காலிக சர்க்கார் வெறும் காகித சர்க்கார் அன்று என்று நிலைநாட்ட, அதில் பதவி வகித்தோர் சாட்சிகளாக அழைக்கப்பட்டனர். அவர்களுள் பிரசார மந்திரியாயிருந்த எஸ்.ஏ. ஐயரும், அந்தமானுக்குத் தலைமை கமிஷனராகச் சென்ற டாக்டர் லோகநாதனும் தமிழர்கள்.

பிரெஞ்சு ஆட்சியில் வாழ்ந்த காரைக்காலார்க்கு இவ்வாதத்தின் உட்பொருள் எளிதில் விளங்கும். 1940இல் பாரிஸ் வீழ்ந்து, பேத்தேன் தலைமையில் விஷி சர்க்கார் அமைந்தபோது, அதனை ஏற்காத தெ கோல் லண்டனிலிருந்து போரைத் தொடர்ந்தார். விஷியின் இராணுவ நீதிமன்றம் அவர்க்கு மரண தண்டனை விதித்தது. ஆயினும் பிரெஞ்சிந்தியா அவ்வாண்டிலேயே தெ கோல் பக்கம் சேர்ந்தது. அன்று காரைக்காலில் பறந்தது, தாயகத்து நீதிமன்றம் துரோகி என்று தீர்த்த ஒருவரின் கொடி. வென்றமையால் அவர் தேசபக்தர் எனப்பட்டார். தோற்றிருந்தால்? வெற்றி தோல்வியை வைத்து வீரனைத் துரோகி என்றோ தியாகி என்றோ அழைத்தல் நீதியாகுமா என்பதே செங்கோட்டை வழக்கின் சாரம்.

இனி இவ்வழக்கிலுள்ள ஒரு வியப்பைக் காண்க. வீரரைக் காக்க வேண்டுமாயின், அவர் தலைவர் நிறுவிய சர்க்கார் உண்மையான சர்க்காரே என்று நிலைநாட்டியாக வேண்டும். 1939இல் போஸ் தலைவராகத் தகார் என்று கையெழுத்திட்ட அதே கையால், 1945இல் போஸின் சர்க்காருக்குரிய மதிப்பைச் சட்ட நூல்களிலிருந்து எடுத்தெடுத்து அடுக்க வேண்டியதாயிற்று. சிறியோராயின் நாணியிருப்பர்; அல்லது பழம்பகையை நினைந்து வாதத்தில் ஒரு துளி குறைத்திருப்பர். பூலாபாய் ஒன்றும் குறைக்கவில்லை. டிசம்பர் மாதத்தில், கையில் குறிப்பின்றி, இரண்டு நாட்களில் ஏறத்தாழ 10 மணி நேரம் பேசினார். நோயுற்ற உடம்பு, நீதிபதிகளோ இராணுவ அதிகாரிகள். எனினும் வாதம் தளரவில்லை.

ஒரு கசப்பையும் சொல்லாமல் விடுதல் கூடாது. கொலைக் குற்றச்சாட்டு வீண் புனைவன்று. படையை விட்டு ஓட முயன்றமைக்காகத் தேசிய ராணுவத்தார் சிலரை அப்படையே சுட்டது என்பது குற்றச்சாட்டின் சாரம். அவர்களும் வீரரே, அவர்களுக்கும் தாயர் இருந்தனர். அத்தண்டனைகள் படைச்சட்டப்படி விசாரித்து விதிக்கப்பட்டவை என்றும், அவை நிறைவேற்றப்பட்டமைக்குப் போதிய சான்று இல்லை என்றும் எதிரிகள் தரப்பில் வாதிக்கப்பட்டது. வக்கீலின் கடமை அவ்வளவே. வாசகரின் கடமை, அவ்விறந்தோரையும் ஒரு கணம் நினைத்தல்.

டிசம்பர் 31ஆம் நாள் விசாரணை முடிந்தது. போர் தொடுத்த குற்றம் மூவர் மீதும் மெய்ப்பட்டதாகத் தீர்ப்பாயிற்று. கொலை சம்பந்தமான குற்றத்தினின்றும் சஹகலும் தில்லானும் விடுபட்டனர். ஷாநவாஸ் உடந்தைக் குற்றவாளி எனப்பட்டார். ஆயுட்காலத் தீவாந்தரமும், பதவி நீக்கமும், சம்பள இழப்பும் தண்டனை. ஆனால் நாடெங்கும் பொங்கிய உணர்ச்சியைக் கண்ட பிரதம சேனாதிபதி ஆக்கின்லெக், 1946 ஜனவரி 3ஆம் நாள் தீவாந்தர தண்டனையை நீக்கி மூவரையும் விடுவித்தார். சட்டத்தில் தோற்ற வழக்கு நாட்டின் முன் வென்றது. அடுத்த மாதமே பம்பாயில் கப்பற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தனர். ஆங்கில ஆட்சி இந்தியச் சிப்பாயின் தோளில் நின்றது. அத்தோள் நடுங்கத் தொடங்கிவிட்டதென்று அவர்கள் உணர்ந்தனர்.

வழக்கு முடிந்தது, வழக்குரைத்தவரின் ஆயுளும் முடிவை நெருங்கியது. 1946 மே மாதம் 6ஆம் நாள் பூலாபாய் தேசாய் இவ்வுலக வாழ்வை நீத்தார். விடுதலை நாளை அவர் காணவில்லை. பம்பாயில் அவர் வாழ்ந்த மனை பின்னர் அவர் பெயரால் கலைஞர்க்குரிய நிலையமாக விளங்கியது. அவர் காத்த வீரருள் சஹகல், 1947இல் டாக்டர் லட்சுமியை மணந்தார். சுதந்திர இந்தியா தேசிய ராணுவத்தாரை மீண்டும் தன் படையில் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதும் சரித்திரம். போற்றிப் பாடிய நாடும் முழுவதும் ஏற்கத் தயங்கியது. வீரர் நிலை எக்காலத்தும் இரங்கத்தக்கதே.

காங்கிரஸ் இவ்வழக்கை ஏற்றது தேர்தல் நோக்கத்தால் என்று கூறுவோர் உளர். அதில் ஒரு பங்கு உண்மை இருக்கலாம். ஆனால் பூலாபாய்க்குத் தேர்தலில் இடமே இல்லை. பதவி நசையால் அவர் உயிரைத் தேய்த்தார் என்று எவரும் கூற இயலாது.

திருவள்ளுவனார் இறைமாட்சிக்கு ஓர் அதிகாரமும் படைமாட்சிக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். அரசனை அளக்கும் கோல் வேறு, படையை அளக்கும் கோல் வேறு என்பது அவ்வைப்பு முறையால் நாம் கொள்ளும் குறிப்பு. ஆணையிட்டவனை அவன் ஆணையின் நன்மை தீமையால் அளக்க வேண்டும். ஆணையை ஏற்றவனை அவன் அஞ்சாமையாலும், உடன் நின்றாரைக் கைவிடாமையாலும், எளியாரை வருத்தாமையாலும் அளக்க வேண்டும். ஒன்றின் கோலால் மற்றதை அளப்போர் இரண்டிலும் தவறுவர்.

ஒரு சங்கத்திலும் இதுவே நெறி. தலைவரோடு மாறுபடலாம், பொதுக்கூட்டத்தில் எழுந்து மறுக்கலாம், கையெழுத்திட்டு விலகவும் செய்யலாம். ஆனால் அவர் சொற்படி உழைத்த தொண்டர்க்கு ஒரு துன்பம் வந்தால், முதலில் ஓடிச் சென்று நிற்பவர் அம்மறுத்தவராகவே இருத்தல் அழகு. அப்போதுதான் அவர் மறுப்பு பகையினின்றும் பிறந்ததன்று என்று உலகம் நம்பும்.

அம்மாணாக்கனுக்கு யான் கூறும் விடை இதுவே. குழந்தாய், சுவரிலுள்ள இரண்டு படங்களையும் துடைத்து வை. ஒருவரைச் சிங்கப்பூருக்கும் மற்றவரைச் சைகோனுக்கும் அனுப்பியவர் யார், எதற்கு அனுப்பினர் என்று நூல்களைப் புரட்டி ஆராய்ந்து, தயங்காமல் தீர்ப்புச் சொல். அனுப்பியவர் மீது சொல்லும் தீர்ப்பைச் சென்றவர் மீது ஏற்றாதே. ஆண்டுக்கு ஒரு நாள் இரண்டு படங்களுக்கும் ஒரே மாலையைப் பகுத்துச் சாற்று. பூலாபாய் தேசாய் என்னும் பெயரையும் அன்று ஒரு முறை நினைந்துகொள்.